மாமா வண்டிக்கு அளவெடுத்தோம்



சுவர்ப் பத்திரிகையின் அறிவியல் பக்கத்துக்கு என்ன எழுதலாம் என்று தமிழம்மாவிடம் கேட்டேன். "புத்தகத்தைப் பாத்து எழுதாத, உங்க வீட்ல நடந்தத எழுது" என்றார்கள். எங்கள் வீட்டில் நடந்தது ஒரு மோட்டார் சைக்கிளுக்கு ஹேண்டில்பார் மாற்றியது. "பைக் பத்தி உனக்கு என்னடி தெரியும்?" என்று சிரிக்காதீர்கள். அளவெடுத்தது நான்தான்.

என் மாமா டெய்லர். பெருந்துறைப் பக்கம் எங்கள் ஊரிலிருந்து ஈரோட்டில் உள்ள கடைக்குத் தினமும் போய் வருகிறார். போக வர 48 கிலோமீட்டர். தீபாவளி, முகூர்த்த நாட்கள் வந்துவிட்டால் ராத்திரி பதினொரு மணி வரை தைப்பார். அதற்குள் கடைசி பஸ் போய்விடும். அதனால் செகண்ட் ஹேண்டில் ஒரு வண்டி வாங்கினார். அது க்ரூஸர் வண்டி. சீட் தாழ்வாக இருக்கும், கால் வைக்கும் இடம் முன்னால் தள்ளி இருக்கும், ஹேண்டில்பார் உயர்ந்து நம்மைப் பார்த்து வளைந்து வரும். நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி ஓட்டலாம். மாமா உயரம் 5 அடி 2 அங்குலம்தான். மற்ற வண்டிகளில் சிக்னலில் நின்றால் நுனிக்காலில் நிற்பார். இதில் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படும். அதற்காகத்தான் வாங்கினார், ஸ்டைலுக்காக இல்லை. (அத்தை நம்பவில்லை.)

ஆனால் அதை முன்பு வைத்திருந்தவர் நல்ல உயரம். அவர் கம்பெனி ஹேண்டில்பாரைக் கழற்றிவிட்டு, அகலமாக, உயரமாக வேறு ஒன்றைப் போட்டிருந்தார். அவருக்கு அது சரியாகத்தான் இருந்திருக்கும்.

மூன்று மாதம் கழித்து மாமாவுக்குச் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போக ஆரம்பித்தன. காலையில் கடைக்குப் போனதும் அரை மணி நேரம் ஊசியில் நூல் கோர்க்க முடியாது. கத்தரி பிடித்தால் பிடி நழுவும். ஒரு நாள் கல்யாணப் பெண்ணின் பட்டு ஜாக்கெட் துணி, கைப் பகுதியில் கோணலாக வெட்டுப்பட்டுவிட்டது. அந்தத் துணிக்கு மாமாவே பணம் கொடுத்தார். அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை. "இந்த வண்டிய வித்துப் போடுங்க" என்று அத்தை சொன்னார்கள். விற்றுவிட்டால் ராத்திரி எப்படி வருவது?

டாக்டரம்மாவிடம் காட்டினோம். முழங்கையில் உட்பக்கமாக ஒரு இடம் இருக்கிறது, டெஸ்கில் இடித்தால் ஷாக் அடித்த மாதிரி விர்ரென்று ஏறுமே, அங்கே ஓடுவது அல்நார் நரம்பு. அது அப்படியே கீழே இறங்கி, உள்ளங்கையில் சுண்டு விரல் பக்கமாகப் போய் இந்த இரண்டு விரல்களுக்கும் உணர்ச்சி கொடுக்கிறது. மணிக்கட்டு கோணலாக இருந்து, அந்தப் பக்கமே அழுந்தி, கூடவே வண்டியின் அதிர்வும் சேர்ந்தால் நரம்பு நசுங்கி விரல் மரக்கும். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மரத்தால் அது வேறு நரம்பு. "மாத்திரையை விட மொதல்ல வண்டி ஓட்டற விதத்தப் பாருங்க. குறையலன்னா திரும்ப வாங்க, சும்மா விட்டுடாதீங்க" என்றார்கள்.

அடுத்த நாள் மாமா வண்டியில் உட்கார, நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது. கை எட்டாததால் மாமா சீட்டின் நுனிக்கு வந்து, முதுகை வளைத்து, தோள்பட்டையைத் தூக்கிக் கொண்டு பிடிக்கிறார். கைப்பிடி அகலமாக இருப்பதால் இரண்டு கையும் சிலுவை மாதிரி விரிகிறது. மணிக்கட்டு வெளிப்பக்கமாக ஒடிந்து, சுண்டு விரல் பக்கம் மட்டும் கிரிப்பில் அழுந்துகிறது. டாக்டரம்மா சொன்னது அத்தனையும் அங்கே இருந்தது.

உயரமான ஹேண்டில்பார் பற்றி ஒரு சின்னச் செய்தி. அமெரிக்காவில் தோளுக்கும் மேலே போகும் ஹேண்டில்பார் உண்டு. அதற்கு ஏப் ஹேங்கர் என்று பெயர், அதாவது குரங்கு தொங்கும் கம்பி. 1969-ல் வந்த ஈஸி ரைடர் என்ற அமெரிக்கப் படத்தில் இந்த மாதிரி வண்டிகள் வந்து, உலகம் முழுக்கப் பெயர் வாங்கின. பார்க்க கெத்தாக இருக்கும். ஆனால் கை ரொம்ப நேரம் நெஞ்சுக்கு மேலேயே இருந்தால் கைக்கு ரத்தம் ஏறுவது கஷ்டம். கரும்பலகையின் மேல் வரியில் பத்து நிமிஷம் எழுதிப் பாருங்கள், கை கடுக்கும். நம் கணக்கு சாரைக் கேட்டால் சொல்வார்.

மெக்கானிக் அண்ணனிடம் போனோம். அவர் உடனே புது ஹேண்டில்பாரை எடுத்து வைக்கவில்லை. அதனால் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. "அண்ணா, மொதல்ல காசில்லாத வேலையப் பாப்போம்" என்றார். ஹேண்டில்பாரை நடுவில் கிளாம்ப் வைத்து நான்கு போல்ட்டால் இறுக்கியிருக்கிறார்கள். அந்த போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் ஹேண்டில்பாரை முன்னும் பின்னும் உருட்டலாம். ஒரு விரல்கடை பின்னால் உருட்டினாலே கிரிப் நம்மை நோக்கி வந்துவிடும். அதே மாதிரி கிளட்ச் லிவரும் பிரேக் லிவரும் தனித்தனி கிளாம்பில் இருக்கின்றன. கையை நீட்டினால் விரல்கள் எந்தச் சாய்வில் போகிறதோ அந்தச் சாய்வில் லிவர் இருக்க வேண்டும். மாமா வண்டியில் லிவர் மேலே பார்த்து நின்றது. ஒவ்வொரு தடவை கிளட்ச் பிடிக்கும்போதும் மணிக்கட்டைப் பின்னால் மடக்க வேண்டியிருந்தது. அதைக் கீழே இறக்கினார்.

ஒரு வாரம் ஓட்டினார். முதுகு வலி குறைந்தது. விரல் மரப்பு பாதிதான் குறைந்தது. ஏனென்றால் உருட்டினால் தூரமும் சாய்வும் மாறும், அகலம் மாறாது. அதிகமாக உருட்டினால் கிரிப்பின் நுனி கீழே தொங்கி, மணிக்கட்டு வேறு பக்கம் ஒடியும். ஆகவே மாற்றுவது என்று முடிவானது.

கடையில் பத்துப் பதினைந்து வகை தொங்குகிறது. எல்லாமே பளபள. மாமா ஒன்றைப் பார்த்து, "இது நல்லாருக்குதே" என்றார். நான் சும்மா இருக்காமல், "ஏனுங் மாமா, அளவெடுக்காம ஜாக்கெட் வெட்டுவீங்களா?" என்று கேட்டுவிட்டேன். மாமா ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். பிறகு கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து என் கையில் கொடுத்தார்.

எப்படி அளந்தோம் என்று சொல்கிறேன். மாமாவை வண்டியில் உட்கார வைத்து, கண்ணை மூடி, தோளைத் தொங்கவிட்டு, முதுகை நேராக்கச் சொன்னோம். ஒரு விளக்குமாற்றுக் குச்சியை வேறு வேறு உயரத்திலும் தூரத்திலும் வைத்துப் பிடிக்கச் சொன்னோம். முழங்கை லேசாக மடங்கி, தோள் தூக்காமல், யாருக்கோ கை கொடுப்பது போல மணிக்கட்டு நேராக இருக்கும் இடம் எது என்று தேடினோம். கண்ணை மூடுவது முக்கியம். கண் திறந்திருந்தால் கை தானாகப் பழைய கிரிப்பைத் தேடிப் போகிறது. மூன்று தடவை செய்தும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் கை வந்து நின்றது.

டெய்லர் டேப் என்பதால் எல்லாமே அங்குலக் கணக்கு. மூன்று அளவுகள் வேண்டும். ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை அகலம். கிளாம்ப் பிடிக்கும் அடிப்பகுதியிலிருந்து கிரிப் எவ்வளவு மேலே என்ற உயரம். கிளாம்பிலிருந்து கிரிப் நுனி நம்மை நோக்கி எவ்வளவு பின்னால் வருகிறது என்ற இழுப்பு. பழைய ஹேண்டில்பாரின் அகலம் 36, உயரம் 12, இழுப்பு 4. மாமாவின் கைக்குத் தேவைப்பட்டது அகலம் 30, உயரம் 6, இழுப்பு 7. குள்ளமானவர்கள் "எனக்கு எட்டலை" என்று உயரத்தைக் கூட்டுவார்களாம். மெக்கானிக் அண்ணன் சொன்னார், எட்டாததற்குக் காரணம் பெரும்பாலும் இழுப்புதானாம். மாமாவுக்கும் அதுதான்.

அகலத்தைக் குறைக்கும்போது ஒரு விஷயம் யோசிக்க வேண்டியிருந்தது. அறிவியல் பாடத்தில் திருப்புத்திறன் படித்தோமே, விசையையும் தூரத்தையும் பெருக்க வேண்டும் என்று. ஹேண்டில்பாரும் ஸ்பேனர் மாதிரிதான். நடுவிலிருந்து கை எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு சுலபமாகத் திரும்பும். 36 அங்குலத்தில் பாதி 18. 30-ல் பாதி 15. முன்பு 10 பங்கு பலம் போட்டால் 10 பெருக்கல் 18, அதாவது 180. இப்போது அதே 180 வர 12 பங்கு பலம் போட வேண்டும். க்ரூஸர் வண்டி கனம், நீளமும் கூட. சந்தில் திருப்பும்போது அந்த வித்தியாசம் கையில் தெரியும். அதனால்தான் மாமாவின் தோள் 16 அங்குலம்தானே என்று இன்னும் குறுக்கவில்லை. குறுகலாகப் போட்டால் ஸ்விட்சுக்கும் லிவருக்கும் கம்பியில் இடமும் போதாது.

வண்டிக் கம்பெனிகளே ஹேண்டில்பாரை மாற்றித் தனி வண்டியாக விற்றிருக்கிறார்கள். 2015-ல் பஜாஜ் கம்பெனி அவெஞ்சர் 220 வண்டியை க்ரூஸ், ஸ்ட்ரீட் என்று இரண்டு விதமாக விட்டது. இன்ஜின் ஒன்றுதான். க்ரூஸில் உயர்ந்த ஹேண்டில்பார், ஸ்ட்ரீட்டில் தட்டையானது. 1955-ல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு கம்பெனி, 2002-ல் கொண்டு வந்த தண்டர்பேர்டு என்ற க்ரூஸருக்கு 2018-ல் தட்டை ஹேண்டில்பார் வைத்து தண்டர்பேர்டு எக்ஸ் என்று விட்டது. அந்த வண்டிகள் பிறகு நின்றுபோய், 2020 நவம்பரில் மீட்டியார் 350 வந்தது. ஆக ஒரே வண்டியில் எல்லாருக்கும் ஒரே கைப்பிடி என்பது கிடையாது. (மாமா வண்டி எந்தக் கம்பெனி என்று நான் எழுதவில்லை. எந்த க்ரூஸருக்கும் அளவெடுக்கும் விதம் ஒன்றுதான்.)

அளவு சரியாக இருந்தாலும் கம்பியின் கனம் பொருந்த வேண்டும். நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் 22 மில்லிமீட்டர் விட்டம். ஹார்லி மாதிரி பெரிய வண்டிகளில் ஒரு அங்குலம், அதாவது 25.4 மில்லிமீட்டர். கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. விட்டம் அளக்கும் கருவி அப்போது கடையில் இல்லை. இங்கேதான் எனக்குக் கணக்கு உதவியது. டேப்பைக் கம்பியைச் சுற்றிப் பிடித்தால் சுற்றளவு கிடைக்கும். அதை 3.14-ஆல் வகுத்தால் விட்டம். சுற்றளவு 7 சென்டிமீட்டர் பக்கம் வந்தால் சின்னது, 8 பக்கம் வந்தால் பெரியது. எனக்கு 7 வந்தது. "பாப்பா, இத நான் பதினஞ்சு வருஷமா யோசிக்கலியே" என்று மெக்கானிக் அண்ணன் சொன்னார். இதை எழுதியதற்குத் தற்பெருமை என்று சொல்லாதீர்கள், நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

கம்பியின் நடுவில் கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் சொரசொரப்பாகக் கோடு போட்டிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பள்ளத்தில் இறங்கும்போது ஹேண்டில்பார் வழுக்கித் திரும்பிவிடும். வெல்டிங் வைத்தது, விழுந்து வளைந்து நிமிர்த்தியது இரண்டையும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. ஓட்டும்போது ஒடிந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. மாமா வாங்கியது 850 ரூபாய். கம்பெனியில் வருவது போன்ற சாதாரண வளைவு, கறுப்பு நிறம்.

சட்டமும் ஒன்று இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. அதனால்தான் கம்பெனி அமைப்பை ஒட்டியே போவது நல்லது என்று மெக்கானிக் அண்ணன் சொன்னார். மாமாவும் பழைய குரங்குக் கம்பியை விட்டு அந்தப் பக்கமே வந்தார்.

மாட்டுவதில்தான் வேலை ஜாஸ்தி. ஹேண்டில்பாரில் ஆக்ஸிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், முன் பிரேக்கின் ஆயில் குழாய், ஹாரன், லைட், இண்டிகேட்டர் ஒயர்கள் எல்லாம் வந்து சேர்கின்றன. உயரமான ஹேண்டில்பார் போட்டால் இவை எட்டாமல் விறைக்கும். உயரத்தைக் குறைத்தால் மிச்சமாகித் தொங்கும். மாமா வண்டியில் முன்பு நீளமான கேபிள் போட்டிருந்ததால், இப்போது அது வளைந்து வந்து டேங்குக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே சிக்கியது. ஆகவே கம்பெனி நீளத்தில் இரண்டு கேபிள் புதிதாக வாங்க வேண்டி வந்தது. கேபிள் செலவையும் சேர்த்துத்தான் கையில் பணம் வைத்துக்கொண்டு போக வேண்டும். மாமா வைத்திருக்கவில்லை, அத்தைக்கு போன் போட்டார்.

பிரேக் ஆயில் கப் சாயாமல் மட்டமாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். நான்கு போல்ட்டையும் ஒன்றையே முழுசாக இறுக்காமல், மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார்கள். பிறகு வண்டியை நிறுத்தி வைத்து இடது கோடி, வலது கோடி வரை திருப்பினோம். கிரிப் டேங்கில் இடிக்கிறதா, மாமாவின் முட்டியில் படுகிறதா, தூரத்துக் கை எட்டுகிறதா என்று பார்த்தோம்.

கடைசியாக ஒரு சோதனை. இதைக் கட்டாயம் உங்கள் வீட்டிலும் சொல்லுங்கள். நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்ப வேண்டும். இன்ஜின் சத்தம் மாறக் கூடாது. எங்களுக்கு முதல் தடவை இடது பக்கம் திருப்பியபோது சத்தம் ஏறியது! கேபிள் எங்கேயோ இழுபடுகிறது என்று அர்த்தம். அப்படியே ரோட்டுக்குப் போயிருந்தால், யூ டர்ன் போடும்போது வண்டி தானாகச் சீறிப் பாய்ந்திருக்கும். கேபிளை வேறு வழியாக விட்டு மறுபடி மாட்டினார். இரண்டாம் தடவை சத்தம் மாறவில்லை.

அதிர்வைக் குறைக்க, கம்பியின் இரண்டு நுனியிலும் கனமான இரும்புக் கட்டிகளை மாட்டினார். கனம் கூடினால் கம்பி நடுங்குவது குறையும். கிரிப்பும் கொஞ்சம் மெத்தென்று வேறு போட்டார். ரொம்பத் தடியாகப் போட வேண்டாம் என்று மாமாவே சொல்லிவிட்டார். தடியான கிரிப்பை இறுக்கிப் பிடித்தாலும் கை வலிக்குமாம்.

வீட்டுக்கு வரும்போது நான்தான் பின்னால் உட்கார்ந்து வந்தேன். கண்ணாடியில் மாமாவின் முழங்கை மட்டுமே தெரிந்தது, பின்னால் வரும் லாரி தெரியவில்லை. அதைத் திருப்பி வைக்க எல்லாருமே மறந்துவிட்டோம். வழியில் நிறுத்திச் சரி செய்தோம்.

முதல் இரண்டு நாள் திருப்புவதற்குக் கனமாக இருக்கிறது என்று மாமா முனகினார். பிறகு பழகிவிட்டது. ஒரு வாரம் கழித்து போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று ஸ்பேனர் வைத்துப் பார்த்தோம், இல்லை. மூன்றாவது வாரம் மாமா கடையிலிருந்து போன் செய்தார். "அம்மிணி, வந்தவுடனே ஊசியில நூல் கோத்துட்டேன்" என்றார். வேறு ஒன்றும் பேசவில்லை, வைத்துவிட்டார். இன்னும் மழை நாளில் மோதிர விரல் கொஞ்சம் மதமதவென்று இருக்கிறதாம். டாக்டரம்மாவிடம் அடுத்த வாரம் மறுபடி போகிறார்.

பழைய ஹேண்டில்பாரில் அத்தை புடவை காயப் போடுகிறார்கள். கனமான புடவையும் தாங்குகிறது. டெய்லர் டேப்பை மாமா எனக்கே கொடுத்துவிட்டார். யார் வீட்டிலாவது வண்டி ஓட்டிவிட்டு வந்து கையை உதறிக்கொண்டே இருந்தால், ஒன்பதாம் வகுப்பில் வந்து என்னைக் கேளுங்கள். விளக்குமாற்றுக் குச்சி மட்டும் நீங்கள் கொண்டு வர வேண்டும்.